கண் அழுத்த நோய்க்கு நுண்ணிய அறுவை: யாருக்குப் பலன் தரும்?



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து கண்புரை ஆபரேஷனுக்காகத் திருச்சிக்கும் மதுரைக்கும் போகும் பெரியவர்கள் சிலரிடம், "உங்களுக்குக் கண் அழுத்தமும் இருக்கிறது, புரையோடு சேர்த்து அதற்கும் சிறிதாக ஒன்று செய்துவிடலாமா?" என்று மருத்துவர் கேட்பதுண்டு. அந்தச் 'சிறிதாக ஒன்று' எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டு சம்மதிப்பது நல்லது.

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அல்ல. கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற வடிகால் வழியே அது வெளியேறும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு வலியில்லாமலே கருகிப்போகும். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் அரவிந்த் மருத்துவமனை நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதைக் கடந்தோரில் 2.6 சதவீதம் பேருக்கு இந்நோய் இருந்தது. இதன் முக்கிய வகையான 'திறந்த கோண' நோய் இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு, தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

அந்த வடிகாலை உள்ளிருந்தே திறந்துவிடுவதுதான் இந்த நுண்ணிய அறுவை. சிலருக்கு ஐஸ்டென்ட் என்ற கடுகைவிடச் சிறிய குழாயைப் பொருத்துவார்கள். சிலருக்கு நுனி வளைத்த சாதாரண ஊசியாலேயே அடைப்பைக் கீறிவிடுவார்கள். விலை உயர்ந்த கருவிதான் சிறந்தது என்று எண்ண வேண்டாம். சைபாஸ் என்ற கருவி கருவிழியின் உட்புறச் செல்களைக் குறைப்பது தெரிந்து, 2018-ல் அதன் நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

வெற்றியைத் தீர்மானிப்பதில் முதலிடம் கண்ணின் அமைப்புக்கு. வடிகால் இருக்கும் கோணம் திறந்திருக்க வேண்டும். அதைக் கோனியோஸ்கோபி என்ற லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நம் நாட்டில் கோணம் குறுகியவர்களும் கணிசமாக இருப்பதால், அந்தப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். அடுத்து, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. வடிகாலைத் திறந்தாலும் நீர் கடைசியில் இரத்த நாளத்தில்தான் கலக்க வேண்டும். அங்கும் ஓர் அழுத்தம் உண்டு. எனவே இம்முறையில் கண் அழுத்தம் பெரும்பாலும் 15, 16 அளவில் நின்றுவிடும். ஆரம்ப நிலைக்கும் நடுநிலைக்கும் அது போதும். நரம்பு பெரிதும் கெட்டு, 10, 12-க்கு இறக்கியாக வேண்டியவருக்கு டிராபெகுலெக்டமி என்ற பழைய பெரிய அறுவைதான் ஏற்றது. மருத்துவரின் கைப்பழக்கமும் முக்கியம். அவர் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

போன பார்வை எந்த அறுவையாலும் திரும்பாது. புரையை எடுத்ததால் வெளிச்சம் கூடலாம், அது வேறு. இருப்பதைக் காப்பதும் சொட்டு மருந்தைக் குறைப்பதுமே நோக்கம். பலருக்கு ஒரு மருந்தாவது தொடரத்தான் வேண்டியிருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு நாம் கெடுத்துக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, ரமளானில் சொட்டு மருந்தை நிறுத்துவது. கண்ணில் மருந்து விட்டால் நோன்பு முறியாது. தொண்டையில் கசப்பு தெரிந்தாலும் சரியே. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். மருந்து விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தில் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் கசப்பும் இறங்காது, மருந்தும் கண்ணிலேயே தங்கும்.

இரண்டாவது, ஸஜ்தா. தலை தாழும்போது இரத்த நாளங்களில் அழுத்தம் ஏறி, திறந்த வடிகால் வழியே கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். அதனால்தான் சில நாட்கள் குனிய வேண்டாம் என்கிறார்கள். நம்பகமான மருத்துவர் தடுத்திருக்கும்வரை, சைகையால் தொழுவது முழுமையான தொழுகையே. ருகூவைவிட ஸஜ்தாவுக்குத் தலையைச் சிறிது கூடுதலாகத் தாழ்த்தினால் போதும். முகத்தில் தண்ணீர் படக்கூடாது என்றால் உளூவிலும் சலுகை உண்டு. உங்கள் இமாமிடம் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லெப்பைக்குடிக்காடானாலும் வி.களத்தூரானாலும், நேற்றுவரை நின்று தொழுதவர் இன்று நாற்காலியில் உட்கார்ந்தால் "என்னாச்சு பாய், கீழே உட்கார முடியலையா?" என்று ஸஃப்பிலேயே விசாரிக்கிறோம். அந்தக் கூச்சத்துக்காகவே மூன்றாம் நாளே ஸஜ்தாவுக்குக் குனிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து வருபவருக்கு ஸஃப்பின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவைக்கும்படி முஅத்தினிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.