நாடகத்துக்கு இடியும் மழையும்: உங்கள் கம்ப்யூட்டரே போதும்

எங்கள் குடியிருப்பு நாடகங்களுக்கு ஒலி அமைப்பது என் பொறுப்பு. கதவு திறந்ததும் இடி இடிக்க வேண்டும். இரண்டு விநாடி தாமதித்தால் சோகக் காட்சியில் அரங்கமே சிரித்துவிடும்!

நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அரிசியை முறத்தில் மெல்லச் சரித்து, மைக்கில் பதிவு செய்யுங்கள், மழை தயார். பின்னணியில் மின்விசிறி இரைகிறதா? இரைச்சல் மட்டும் உள்ள பகுதியைத் தேர்வு செய்து, ‘நாய்ஸ் ரிடக்ஷன்’ சென்று ‘கெட் நாய்ஸ் ப்ரொபைல்’ கிளிக் செய்யுங்கள். பிறகு முழுவதையும் தேர்வு செய்து, அதே வசதியை மீண்டும் திறந்து ஓகே கொடுங்கள். அளவு மீறினால் மழையும் சேர்ந்து போய்விடும். என்னைக் கேட்டால், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வதே மேல்.

இடி பைலின் தொடக்கத்தில் உள்ள மௌனத்தை வெட்டி எறியுங்கள். எம்பி3 பார்மட்டில் தொடக்கத்தில் சிறு இடைவெளி சேர்ந்துவிடுவதுண்டு. எனவே வேவ் பைலாகவே சேமியுங்கள். ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும், பரவாயில்லை. பைல்களுக்கு 01, 02 என்று காட்சி வரிசையில் பெயரிடுங்கள்.

நாடகத்தன்று விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் ‘நோ சவுண்ட்ஸ்’ தேர்வு செய்து, இன்டர்நெட்டையும் துண்டித்துவிடுங்கள். மரணப் படுக்கைக் காட்சியில் ‘டிங்’ என்று ஒலித்தால் என்னாகும்!