அலமாரியில் நிற்கும் டாங்கி

அலமாரியில் வைக்கும் ஒரு பொம்மையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பொம்மை சிறியதுதான். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சேனை உபயோகித்த ஷெர்மன் டாங்கியை, 35-ல் ஒரு பங்காகக் குறுக்கிச் செய்த மாதிரி அது. நிஜ டாங்கி 30 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ளது. ஐந்து பேர் அதனுள் அடைந்துகொண்டு போர் புரிந்தார்கள். மாதிரியின் நீளமோ சுமார் 17 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. இத்தகைய மாதிரிகளைத் தேடி வாங்கிச் சேகரிப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். டாங்கிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது, அது எந்தப் படையைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் எண்ணும் குறியுமேயாகும்.

அந்த எண் 761 என்றிருக்குமானால், பொம்மையை மீண்டும் அலமாரியில் வைக்குமுன் சற்று நின்று யோசிப்பது நம் கடமை.

761-வது டாங்கிப் படை 1942 ஏப்ரல் 1-ந் தேதி லூயிஸியானா மாகாணத்துக் கிளேபோர்ன் முகாமில் அமைக்கப்பட்டது. அதன் சிப்பாய்கள் அனைவரும் கறுப்பு இனத்தார். அதிகாரிகளில் வெள்ளையரும் இருந்தனர், கறுப்பரும் இருந்தனர். அக்காலத்தில் அமெரிக்கச் சேனையில் இரு இனத்தாரும் தனித்தனிப் படைகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். கறுப்பர் அறிவிலும் தைரியத்திலும் குறைந்தவர்கள் என்று 1925-ல் சேனைக் கல்லூரியார் எழுதிய அறிக்கையே சேனாதிபதிகளுக்கு வேதமாக இருந்தது. ஆகவே, கருஞ்சிறுத்தையைச் சின்னமாகக் கொண்ட இந்தப் படை, போர்முனையைக் காணாமல் இரண்டு வருஷங்களுக்கு மேல் பயிற்சியிலேயே வைக்கப்பட்டிருந்தது.

முகாமில் அவர்கள் பட்ட அவமானங்கள் கொஞ்சமல்ல. 1944 ஜூலை 6-ந் தேதி, டெக்ஸாஸ் மாகாணத்து ஹூட் முகாமில் இந்தப் படையைச் சேர்ந்த லெப்டினெண்ட் ஒருவரை, பஸ்ஸில் பின்னால் போய் உட்காரும்படி டிரைவர் கட்டளையிட்டான். அவர் மறுத்தார். அதன் பலன் ராணுவ விசாரணை! படைத் தலைவராகிய கர்னல் பேட்ஸ் ஒரு வெள்ளையர். எனினும் அந்தக் குற்றச்சாட்டில் கையொப்பமிட அவர் மனம் இசையவில்லை. லெப்டினெண்டை வேறு படைக்கு மாற்றி விசாரணையை நடத்தினார்கள். ஆகஸ்டில் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அவர்தான் 1947-ல் அமெரிக்காவின் பிரதான பேஸ்பால் ஆட்டத்தில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்ஸன்.

1944 அக்டோபரில் இப்படை பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கி, ஜெனரல் பாட்டனின் மூன்றாவது சேனையில் சேர்ந்தது. ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டால் போதும், உங்கள் நிறத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்ற கருத்துப்பட அவர் அவர்களிடையே பேசி உற்சாகமூட்டினார். ஆனால், டாங்கிப் போருக்கு வேண்டிய வேகத்தில் சிந்திக்கக் கறுப்பரால் இயலாது என்று தனியே எழுதியும் வைத்தார். வாய் ஒன்று சொல்ல, உள்ளம் வேறொன்று நினைத்தது.

இதற்கு மறுமொழியைப் போர்முனையே கூறிற்று. லொரேன் பிரதேசத்தில் நவம்பர் முதல் வாரத்தில் யுத்தம் தொடங்கியது. ஜெர்மானியர் சாலையின் குறுக்கே ஒரு மரத்தை வீழ்த்திக் கண்ணிவெடிகளையும் வைத்திருந்தார்கள். பின்னால் வந்த டாங்கிகளெல்லாம் அசையாமல் நின்றன. ஸ்டாப் ஸார்ஜெண்ட் ரூபன் ரிவர்ஸ் என்பவர் குண்டு மழையினூடே டாங்கியைவிட்டு இறங்கி, மரத்தில் இரும்பு வடத்தைக் கட்டி, தமது டாங்கியால் அதை இழுத்து வழி செய்தார்.

நவம்பர் 16-ந் தேதி, கெப்லிங் என்னும் ஊரருகே அவருடைய டாங்கி கண்ணிவெடியில் சிக்கியது. முழங்காலுக்கு மேல் எலும்பு தெரியும்படி சதை கிழிந்தது. வலி தீர்க்கும் மருந்தை வேண்டாமென்றார். ஆஸ்பத்திரிக்குப் போகவும் மறுத்தார். வேறொரு டாங்கியில் ஏறிக்கொண்டு மேலும் மூன்று நாள் போரிட்டார். 19-ந் தேதி, பின்வாங்கும்படி தலைவர் கட்டளை அனுப்பினார். எதிரியின் பீரங்கிகளைக் கண்டுகொண்டதாகவும், அவற்றோடு போரிடப்போவதாகவும் ரிவர்ஸிடமிருந்து ரேடியோவில் பதில் வந்தது. தோழர்கள் பின்வாங்க, அவர் சுட்டுக்கொண்டே நின்றார். ஜெர்மன் குண்டுகள் அவருடைய டாங்கியைத் துளைத்தன. அங்கேயே உயிர் துறந்தார்.

நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கிய யுத்தம் இப்படைக்கு ஐரோப்பிய யுத்தத்தின் முடிவு வரையில் நீடித்தது. 183 நாட்கள்! 1945 ஜனவரியில் பெல்ஜியத்தின் பனியில் டில்லே கிராமத்திற்காகப் போரிட்டது. ஜெர்மானியரின் ஸிக்ப்ரிட் அரணைக் கடந்தது. மே மாதத்தில் ஆஸ்திரியாவின் என்ஸ் நதிக்கரையில் ருஷ்யச் சேனையோடு கைகுலுக்கியது.

இவ்வளவுக்கும் கிடைத்த பரிசு என்ன? ரிவர்ஸுக்கு மிக உயர்ந்த விருதான கௌரவப் பதக்கம் அளிக்க வேண்டுமென்று அவருடைய கம்பெனித் தலைவர் காப்டன் வில்லியம்ஸ், தாமே ஒரு வெள்ளையராயிருந்தும், சிபாரிசு செய்தார். அந்தச் சிபாரிசு மறைந்தே போயிற்று. அந்த யுத்தத்தில் 400-க்கு மேற்பட்ட கௌரவப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் ஒன்றுகூட ஒரு கறுப்புச் சிப்பாய்க்குக் கொடுக்கப்படவில்லை. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பர் சேவை செய்த யுத்தத்தில், வீரன் என்று சொல்ல ஒருவனும் அகப்படவில்லையாம்!

1948-ல் ஜனாதிபதி ட்ரூமன் சேனையில் சமத்துவத்துக்கு உத்தரவிட்டார். படைக்கு உரிய ஜனாதிபதியின் பாராட்டு 1978-லேதான் வந்தது. 1997 ஜனவரி 13-ந் தேதி ஏழு கறுப்பு வீரர்களுக்குக் கௌரவப் பதக்கம் வழங்கியபோது, உயிரோடிருந்தவர் ஒரே ஒருவர். ரிவர்ஸின் பதக்கத்தை அவருடைய சகோதரி பெற்றுக்கொண்டார். அவர் பிரான்ஸின் மண்ணில் உறங்கத் தொடங்கி 52 வருஷங்கள் ஆகியிருந்தன.

யுத்தப் பொம்மை யுத்தத்தை அலங்கரிக்கிறது என்று சிலர் குறை கூறுவார்கள். இரும்பை மட்டும் வியப்போர் விஷயத்தில் அது நியாயமே. ஆனால் எண்ணைப் படித்து, அந்த இரும்பினுள் இருந்தவர் யார் என்று விசாரிப்பவனுக்குப் பொம்மை ஒரு சாட்சியாகிறது. அந்நிய நாட்டின் அடிமைத்தளையை அறுக்க அனுப்பப்பட்டவர்களுக்குச் சொந்த நாட்டுப் பஸ்ஸில் இடமில்லை என்பதற்கு அது சாட்சி. வீரத்தைத் துப்பாக்கியால் மறைக்க முடியாத இடத்தில் காகிதத்தால் மறைத்தார்கள் என்பதற்கும் அது சாட்சி.

டாங்கியை வாங்குவோர் தாராளமாக வாங்கட்டும். 761 என்ற எண்ணை மட்டும் பிழையின்றித் தீட்டட்டும். குழந்தை வந்து அது என்ன எண் என்று கேட்டால், முழுக் கதையையும் சொல்லட்டும்.