இயங்குதளங்களில் தமிழ் விசைப்பலகை அமைப்பு

கணினியின் அமைப்புகளை மாற்றும் வழி இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடுகிறது. தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். தமிழ்நாடு அரசு 1999 இல் தமிழ்99 தளக்கோலத்தைச் செந்தரமாக அறிவித்தது. எந்த விசை எந்த எழுத்தைத் தரும் என்பது அதனால் வரையறுக்கப்பட்டது. அத்தளக்கோலத்தைக் கணினியில் எங்கே சென்று தேர்வது என்பது வரையறுக்கப்படவில்லை.

வழிமுறைகள்

விண்டோஸ் எக்ஸ்பியில் கட்டுப்பாட்டுப் பலகத்தின் மொழிப் பகுதியில், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை முதலில் நிறுவவேண்டும். இதற்கு விண்டோஸ் குறுவட்டு கேட்கப்படும். அது கையில் இல்லாதவர்கள் மேற்கொண்டு செல்ல இயலாது. நிறுவிய பின்னரும் கிடைத்தது இன்ஸ்கிரிப்ட் தளக்கோலமே. ஆகவே தமிழ்99 விரும்பியோர் எ-கலப்பை போன்ற தனி மென்பொருள்களை நாடினர். விண்டோஸ் 10 இல் இதே வேலை 'அமைப்புகள்' செயலிக்கு மாறியது. பழைய கட்டுப்பாட்டுப் பலகமும் நீக்கப்படவில்லை என்பது குழப்பத்தைக் கூட்டியது.

மாக் இயங்குதளத்தில் 2005 முதல் தமிழ்99 உள்ளிணைந்தே வருகிறது. லினக்சில் க்னோம், கேடீயீ என மேசைச்சூழலைப் பொறுத்து வழி மாறும்.

காரணம்

விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிவகம் என்னும் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. லினக்ஸ் பெரும்பாலும் உரைக்கோப்புகளில் சேமிக்கிறது. ஒன்று எழுதியதை மற்றது படிப்பதில்லை. 2011 இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாஸ் லினக்சும் ஒருங்கே நிறுவப்பட்ட கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. அத்தகைய கணினியில் ஓர் இயங்குதளத்தில் சேர்த்த விசைப்பலகை மற்றதில் தோன்றாது. அதே கணினியில், அதே தளக்கோலத்தை, வேறு வழியில் மீண்டும் சேர்க்கவேண்டும்.