கடற்செலவும் தாவரத் தொகுப்பும்

தாவர சாஸ்திரம் பயிலும் மாணாக்கர், தாளில் ஒட்டிய உலர்ந்த செடியைக் கண்டவுடன் அதன் இலையமைப்பையும் பூவின் உறுப்புக்களையுமே நோக்குவர். அச்செடி தாளேறுமுன் கடந்த இன்னல்களை எண்ணுவார் சிலரே. அவற்றை ‘எண்டெவர்’ என்னும் மரக்கலத்தின் வரலாறு தெளிவாக உணர்த்தும்.

1768-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், காப்டன் குக்கின் தலைமையில் அக்கலம் இங்கிலாந்தின் பிளிமத் துறையினின்றும் புறப்பட்டது. ஜோசப் பேங்க்ஸ் என்னும் செல்வர், லின்னேயஸின் மாணாக்கராகிய சோலாண்டர், ஓவியர் இருவர், எழுத்தர் ஒருவர், ஏவலர் நால்வர் ஆகியோரைத் தம் செலவில் உடனழைத்துச் சென்றார். அவரோடு சேர்த்து ஒன்பதின்மர்.

முதலில் வருத்தியது குளிர். 1769 ஜனவரியில், தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள டியர்ரா டெல் ஃபுவேகோவில் மலைச்செடிகளைத் தேடிச் சென்றபொழுது பனி கொட்டிற்று. ஆங்கு அது கோடைக்காலமே. உட்கார்ந்தோர் உறங்கி மாய்வரென்று பிறரை எச்சரித்த சோலாண்டரே, களைப்பு மிகுந்து படுக்க விரும்பினார். அவரை வலிந்து எழுப்பி நெருப்பருகே சேர்த்தனர். ஏவலர் இருவர் அவ்விரவில் மாண்டனர்.

அடுத்த பகை ஈரம். பறித்த செடியைத் தாள்களுக்கிடையே அழுத்தி, நீர் வற்றுமளவும் தாளை மாற்றவேண்டும்; கடற்காற்றிலோ தாளே நனைந்து பூஞ்சணம் பற்றும். மில்டனது காப்பியத்திற்கு அடிஸன் வரைந்த உரையின் அச்சுத்தாள்களும் இப்பணிக்கு உதவின. 1770 மே மாதம், ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாக் கரையில் பாய்ச்சீலையை விரித்து, தாள்களை அதன்மீது பரப்பிப் பகல் முழுதும் வெயிலிற் காயவைத்தார் பேங்க்ஸ். அடுத்த மாதமே கலம் பவழப்பாறையில் மோதிற்று. பழுதுபார்க்கக் கரையேற்றியபொழுது, செடிகளை வைத்திருந்த ரொட்டியறையில் நீர் புகுந்தது. பல தப்பின, சில முற்றும் அழிந்தன.

யாவற்றினும் கொடியது நோய். ஓவியர் ஒருவர் டாஹிட்டித் தீவில் 1769-இலேயே இறந்தார். இந்நாளில் ஜகார்த்தா எனப்படும் படேவியாவிற் பலரைக் காய்ச்சலும் சீதபேதியும் பற்றின. அந்நகரை விட்டபின், 1771 ஜனவரியில், எழுத்தர் ஸ்பெரிங்கும் ஓவியர் பார்க்கின்ஸனும் நடுக்கடலில் உயிர்நீத்தனர். உலர்ந்த பூ நிறமிழக்குமாதலின், பார்க்கின்ஸன் வாடுமுன்னரே அவற்றை வரைந்து வந்தார். அவர் வரைந்த தாவரப்படங்கள் தொள்ளாயிரத்திற்கு மேற்பட்டன.

1771 ஜூலையில் ஒன்பதின்மருள் நால்வரே தாயகம் மீண்டனர். உடன்வந்த உலர்செடிகள் ஏறத்தாழ 30,000; ஐரோப்பியர் முன்னறியாத இனங்கள் ஏறத்தாழ 1,400. பார்க்கின்ஸனின் படங்களைக்கொண்டு செதுக்கிய எழுநூற்றுக்கு மேற்பட்ட செப்புத்தகடுகள், 1980-க்குப் பின்னரே வண்ணத்தில் முழுமையாக அச்சேறின.

பேங்க்ஸின் பெயரைப் ‘பேங்க்ஸியா’ என்னும் செடியினம் இன்றும் தாங்கி நிற்கின்றது. பனியில் மாண்ட ரிச்மண்ட், டார்ல்டன் என்னும் ஏவலர் பெயர்களை அறிவார் அரியர். ஆய்வுச்சாலையில் ஓர் உலர்செடியை ஏந்தும் மாணாக்கர், அதனை அங்குச் சேர்த்த கைகளையும் நினைவாராக.