ஈரலில் தங்கிய தோரியம்

ஊன்ட்றொப் என்றால் நமக்குக் காமாட்சி அம்பாள்தான். ஜேர்மனியில் ஹம் நகரின் ஓரத்தில், தொழிற்கூடங்களுக்கு நடுவே 17 மீற்றர் கோபுரத்தோடு 2002இல் குடமுழுக்குக் கண்ட ஆலயம் அது. அந்நாட்டு அணு விஞ்ஞானிகளுக்கு அதே ஊர் வேறொன்றால் நினைவில் நிற்கிறது: 1985இல் மின்சாரம் தரத் தொடங்கி 1989இல் மூடப்பட்ட தோரியம் அணு உலை. தோரியம் நமக்கும் தூரத்துப் பொருளல்ல. தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பதை 1909இல் கண்டறிந்தவர் ஷோம்பர்க் என்ற ஜேர்மன்காரர்.

கதிரியக்கமுள்ள இந்தத் தோரியம் மனித ஈரலுக்குள்ளும் போயிருக்கிறது. உலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. போனது ஊசி வழியாக. 1930 வாக்கில் எக்ஸ்ரே படத்தில் இரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டுவதற்கென்று ‘தோரோட்ராஸ்ட்’ என்ற மருந்து ஜேர்மனியில் வந்தது. தோரியம் ஒட்சைட்டின் மிக நுண்ணிய துகள்கள் கலந்த திரவம் அது. படம் அருமையாக விழுந்தது. ஏற்றியவுடன் நோயாளிக்குப் பெரிதாகத் தொல்லை இல்லை. 1950கள் வரை பல நாடுகளில் ஏற்றினார்கள்.

உடம்பு அதை வெளியேற்றவில்லை. இரத்தத்தில் வரும் அந்நியத் துகள்களை விழுங்குவதற்கென்றே ஈரலில் குப்ஃபர் கலங்கள் இருக்கின்றன. அவை தோரியத்தையும் விழுங்கி வைத்துக்கொண்டன. அதிலிருந்து கிளம்பும் அல்பாக் கதிர் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாது. ஆனால் பக்கத்துக் கலங்களை அது ஆயுள் முழுதும் தாக்கிக்கொண்டே இருந்தது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தது. ஹைடல்பெர்க்கை மையமாகக் கொண்டு, இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,300க்கும் மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஈரல் புற்றின் மூன்று வகைகள் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தன: ஈரல் கலங்களில் எழுவது, பித்தநாளத்தில் எழுவது, இரத்தக் குழாயின் உட்சுவரில் எழுவது. மூன்றாவது, மற்றவர்களிடம் மிக மிக அரிதான அஞ்சியோசார்கோமா.

அந்த ஈரலிலிருந்து வெட்டிய இழைத்துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் நோயியல் வைத்தியர் இரண்டு விடயங்களை ஒன்றாகப் பார்ப்பார். ஒன்று, பழுப்புச் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தோரியத் துகள். மற்றது, அதன் அருகே புற்று. கட்டியையும் அதை உண்டாக்கியதையும் ஒரே கண்ணாடித் தகட்டில் காண்பது புற்றுநோயியலில் எப்போதாவதுதான் வாய்க்கும்.

மற்றக் கட்டிகளில் காரணம் இப்படிக் கண்ணில் படாது; நல்லதா கெட்டதா என்பதைக் கலங்களைப் பார்த்தே சொல்ல வேண்டும். இரத்தக் குழாயில் தொடங்கும் கட்டிகளில் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது ஓரளவு எளிது. ஈரலில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் தீங்கற்ற கட்டி ஹெமான்ஜியோமா. இரத்தம் நிறைந்த அறைகள், அவற்றின் சுவரில் தட்டையாக, ஒற்றை வரியாக அமைந்த கலங்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் ஸ்கேனிலேயே அடையாளம் தெரிந்துவிடும், ஊசி குத்தத் தேவையிருக்காது. அஞ்சியோசார்கோமாவிலோ கலங்கள் புடைத்து, கருக்கள் பருத்துக் கறுத்திருக்கும். ஈரல் கலங்களுக்கு இடையிலுள்ள குருதி வழிகளூடாக ஊர்ந்து பரவும்.

உண்மையான சோதனை ஈரல் கலத்திலேயே எழும் கட்டிகளில்தான். அடினோமா தீங்கற்றது; கருத்தடை மாத்திரை நீண்டகாலம் எடுத்த பெண்களிடம் கூடுதலாக வருவது. ஆரம்பநிலை ஈரல் புற்றின் கலங்களோ ஏறத்தாழ அதே சாயலில் இருக்கும். அவை பித்தம்கூடச் சுரக்கும். நுரையீரலுக்குப் பரவிப் போன இடத்திலும் சில கட்டிகள் பித்தம் சுரந்து தம் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதுண்டு. ஆகவே தனிக் கலத்தின் முகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுத முடியாது. அடுக்கைப் பார்க்க வேண்டும்.

ஆரோக்கியமான ஈரலில் கலங்கள் ஒன்றிரண்டு கலத் தடிப்புள்ள தகடுகளாக நிற்கும். பாகற்கொடிக்குப் போட்ட பந்தல்போல, ரெட்டிகுலின் என்ற மெல்லிய நார்வலை அவற்றைத் தாங்கும். வெள்ளிச் சாயம் ஏற்றினால் அந்த நார்கள் கருங்கோடுகளாகத் தெரியும். அடினோமாவில் கோடுகள் பெரும்பாலும் குலையாமல் இருக்கும். புற்றில் தகடுகள் மூன்று கலம், அதற்கு மேலும் தடித்துப் போக, கோடுகள் அறுந்து, இடமிடமாகக் காணாமலே போகும். இங்கே புற்றைச் சொல்வது இருக்கும் ஒன்றல்ல, இல்லாமற் போன ஒன்று. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

ஆயினும் கொழுப்பு படிந்த ஈரலில் தீங்கற்ற இடத்திலும் நார் குறைந்து காட்டும். அதனால் கிளைப்பிக்கன்-3, குளுட்டமின் சின்தெடேஸ் போன்ற புரதங்களையும் சாயமிட்டுத் தேடுகிறார்கள். பீட்டா-கெட்டனின் மரபணு மாறிய அடினோமா பின்னாளில் புற்றாகக்கூடும். அதையும் பெயர் சொல்லிப் பிரித்தாக வேண்டும். நோயாளியின் வயது, ஈரல் சுருங்கியிருக்கிறதா, ஸ்கேன் என்ன சொல்கிறது என்று கேட்காமல் நல்ல நோயியல் வைத்தியர் யாரும் அறிக்கையில் கையெழுத்திடுவதில்லை. ஊசி குத்தி எடுப்பது மெல்லிய நூலளவு இழைதான். கட்டியின் கெட்ட மூலை அதில் அகப்படாமலும் போகலாம். அத்தகைய வேளையில் ‘ஈரல் கலக் கட்டி, தன்மை உறுதியில்லை’ என்றே எழுதி அனுப்புவார்கள். அறுவை வைத்தியர் கட்டியை முழுதாக எடுத்து அனுப்பிய பிறகுதான் பதில் கிடைக்கும்.