முதலில் வெளியே வரத் தெரிய வேண்டும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக விரிந்து கிடக்கிறது போனவில் உப்புவெளி. 1949-இல் தொடங்கிய 'ஸ்பீடு வீக்' பந்தயம் இங்கேதான் நடக்கிறது. தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு. ஆகஸ்ட் வெயிலில் முதன்முறையாக வண்டி கொண்டுவருபவருக்குப் பரிசோதகர்கள் வைக்கும் சோதனை வினோதமாகத் தெரியலாம். தீத்தடுப்பு உடை, கையுறை, ஹெல்மெட் எல்லாம் அணிந்து, பெல்ட்டுகளை இறுக்கி உட்கார வேண்டும். பிறகு, யார் கையும் படாமல் மளமளவென்று வெளியே வந்து காட்ட வேண்டும்.

காரணம், தூரம். நீண்ட தடம் 5 மைல். மீட்பு வண்டி எவ்வளவு விரைந்தாலும், முதல் சில விநாடிகள் ஓட்டுநர் தனி ஆள். 1964-இல் இதே வெளியில் ஓட்டுநர் கிரெய்க் பிரீட்லவ் மணிக்கு 526 மைல் என்ற வேகச் சாதனையை முடித்த ஓட்டத்தில் பாராசூட்டுகள் பிய்ந்துபோயின, பிரேக்கும் கைவிட்டது. கம்பம் ஒன்றை முறித்துக்கொண்டு வண்டி உப்புநீர்க் குட்டையில் பாய்ந்தது. மூழ்கும் வண்டியிலிருந்து அவரே வெளியேறி, நீந்திக் கரை சேர்ந்தார்.

பரிசோதனையின் மற்ற அம்சங்களும் இந்தத் தனிமையை மனத்தில் வைத்தவையே. பெல்ட் இறுகிய நிலையில் எரிபொருளை நிறுத்தும் விசை, தீயணைப்பான், பாராசூட் நெம்புகோல் மூன்றும் கைக்கு எட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள். வண்டி உருண்டால் ஓட்டுநரைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டுக்கு வெளியே கை வீசப்படாதிருக்க, கைகளுக்கும் வார் உண்டு. பாராசூட் வேகத்தைக் குறைப்பதோடு, உப்பில் வழுக்கித் திரும்பும் வண்டியை நேராக்கவும் உதவும்.

டயரில் காற்றடைக்கும் வால்வின் மூடிகூடத் தப்பாது. அது உலோகமாக இருக்க வேண்டும். 200 மைல் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,500 முறை சுழலும். அந்த விசையில் வால்வின் ஊசி டயர்ப் பக்கமாகத் தள்ளப்பட்டுத் திறந்துகொள்ளலாம். அப்போது காற்றைப் பிடித்து வைப்பது அந்தச் சின்ன மூடிதான்.

வண்டி தேறினாலும், ஓட்டுநர் எடுத்த எடுப்பில் பறக்க முடியாது. தடத்தையும் அதிலிருந்து விலகும் இடங்களையும் புதியவர்களுக்குக் காட்டி விளக்குவார்கள். லைசென்ஸ் 125 மைலில் தொடங்கிப் படிப்படியாக உயரும். ஒரு படியில் வண்டியைக் கட்டுப்பாட்டோடு ஓட்டிக் காட்டிய பிறகே அடுத்த படி.

இங்கே ஓட்ட வண்டி கட்ட ஆசைப்படுபவர்கள் வெல்டிங் தொடங்கும் முன்பே விதிப் புத்தகத்தை வாங்குவது நல்லது. அதுவும் அந்த ஆண்டுப் பதிப்பாக. வண்டி பாதி உருவானபோதே பரிசோதகர் ஒருவரிடம் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. தளர்ந்த போல்ட்டை உப்புவெளியிலேயே முறுக்கிவிடலாம். தவறாகக் கட்டிய கூண்டை அங்கே அறுத்து ஒட்ட முடியாது. முதல் ஆண்டு வேறொரு குழுவில் கையாளாகப் போய், வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பரிசோதகர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பவருக்கு, மறு ஆண்டு தன் வண்டியைத் திருப்பி எடுத்துப் போகும் செலவு மிஞ்சும்.