லாரிகள் கப்பலேறினால் என்ன?

ஊத்துக்கோட்டை வழியாக இரவு பகல் பாராமல் லாரிகள் ஓடுகின்றன. இருக்கும் சாலை போதாதென்று சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலை வருகிறது; அதற்காக நம் வட்டத்து விவசாயிகள் விளைநிலத்தை இழக்கிறார்கள். பக்கத்திலேயே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் இருக்கின்றனவே, நெடுந்தூரம் போகும் லாரிகளை வேகக் கப்பலில் ஏற்றி அனுப்பக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

குஜராத்தில் இது நடக்கிறது. 2020 நவம்பர் 8 அன்று கோகா–ஹசீரா படகுப் போக்குவரத்து தொடங்கியது. லாரி ஓட்டுநரோடு நேராகக் கப்பலுக்குள் ஏறும். மறுகரையில் இறங்கி ஓடிவிடும். கிரேனும் வேண்டாம், சுமையை இறக்கி ஏற்றும் வேலையும் இல்லை. வளைகுடாவைச் சுற்றிச் சாலையில் போனால் 370 கி.மீ., கடலில் 90 கி.மீ. தான். பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணம் நான்கு மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் அதற்கு முன் 2017இல் தொடங்கிய கோகா–தஹேஜ் சேவை நிலைக்கவில்லை. நர்மதை முகத்துவாரத்தில் வண்டல் சேர்ந்து ஆழம் குறைந்ததே காரணம்.

அங்கே கடல் குறுக்குவழி. நமக்கு அப்படியா? தூத்துக்குடிக்குச் சாலையில் ஏறத்தாழ 600 கி.மீ. தூரம். சரக்குக் கப்பலோ இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். பாக் நீரிணையில் அவ்வளவு ஆழமில்லை. ஆழப்படுத்த 2005இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் பாதியில் நிற்கிறது. ஆகவே தெற்கே இந்தப் பேச்சு எடுபடாது. வடக்கே விசாகப்பட்டினம், பாராதீப், கொல்கத்தா பக்கம் அப்படிப்பட்ட தடை இல்லை.

அந்த வழிக்கும் வேகக் கப்பல் தேவையில்லை என்பதே என் கருத்து. கப்பலின் வேகத்தை இரட்டித்தால் எஞ்சினுக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும். டீசல் செலவிலேயே லாபம் கரைந்துவிடும். மணிக்கு 25 கி.மீ. போகும் சாதாரணக் கப்பல்கூட நிற்காமல் ஓடினால் ஒரு நாளில் 600 கி.மீ. கடக்கும். சோதனைச் சாவடி, டயர் பஞ்சர், ஓட்டுநரின் தூக்கம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால் லாரி அதைவிடப் பெரிதாக முந்துவதில்லை.

நேரம் வீணாவது கடலில் அல்ல, துறைமுக வாசலில். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் காத்துக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2016இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஹூண்டாய் கார்கள் குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்குக் கப்பலில் போயின. கார் தானே உருண்டு ஏறும். ஒரே ஆலையின் சரக்கு கப்பலை நிரப்பும். கும்மிடிப்பூண்டியின் சிறு ஆலைகள் ஆளுக்கு அரை லோடு அனுப்புபவை. அந்தச் சரக்கை ஒன்றுசேர்க்க ஒரு கிடங்கு, குறித்த நாளில் தவறாமல் புறப்படும் கப்பல், திரும்பி வரும்போதும் அதற்குச் சரக்கு. இந்த மூன்றும் அமையாதவரை முதலாளி லாரிக்குத்தான் போன் போடுவார்.